சாவித்திரிபாய் விழாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும் உறவுகளுக்கும்,

ஜனவரி 3 அன்று, பெண் கல்விக்குப் பாடுபட்ட சாவித்திரிபாய் பூலேயின் பிறந்தநாள் விழா நல்லபடியாக நடந்தது. நன்றியுரைக்குத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது. பந்தியில் இலை போட்டாயிற்று என்று சேதி வந்த பிறகு யார் மைக்கைப் பிடிப்பது? அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, வீட்டைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், ஊருக்குத் தெரியாததா? முகப்பில் பந்தல் போட்டுக்கொள்கிறோம் என்றுதான் கேட்கப் போனோம். “வெயில்ல எதுக்கு? வளவுலயே நடத்துங்க, ரெண்டாங்கட்டுல பந்தி போடுங்க” என்றார்கள். வளவு என்றால் வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்; ரெண்டாங்கட்டு அதற்கு அடுத்த உள்கட்டு. யார் எந்தப் படியோடு நின்றுகொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த கணக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று ஊருணிக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் ஆச்சியின் பேரப்பிள்ளைகளும் ஒரே ஆத்தங்குடிக் கல் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாவித்திரிபாயும் அவர் கணவர் ஜோதிராவ் பூலேயும் 1868இல் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்குத் திறந்துவிட்டவர்கள். சாவித்திரிபாய் விழாவை எங்கே நடத்துவது என்று நாங்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தோம். ஆச்சி ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

“நம்ம அழகப்பர் இருக்க, புனே அம்மா எதுக்கு?” என்று கேட்ட அண்ணனுக்கும் நன்றி. நியாயமான கேள்வி. கோட்டையூரில் பிறந்து, 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய வள்ளலை நாங்கள் மறப்போமா? ஆனால் அதற்குச் சுமார் நூறு வருடம் முன்பே, 1848இல், புனேயில் பிடே வாடா என்ற வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் சாவித்திரிபாய். அப்போது அவருக்கு வயது 17. இதைச் சொன்னதும் அண்ணன் அரிசி மூட்டைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் இப்படி இருந்தால் தேவலை.

நாடகம் போட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும், விடுமுறையிலும் வந்து ஒத்திகை பார்த்த டீச்சர்களையும் எப்படிப் பாராட்டுவது! பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்திரிபாய் மேல் சாணியையும் சேற்றையும் எறிவார்கள். அவர் மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு போவார். மராத்திச் சேலைக்கு நாம் எங்கே போவது? நெசவுக்கார அக்கா இரண்டு கண்டாங்கி கொடுத்தார். ஒன்றைக் கட்டிக்கொண்டு, இன்னொன்றை ஓலைக் கொட்டானில் வைத்துக்கொண்டு நடந்தாள் சாவித்திரிபாயாக நடித்த பிள்ளை. எறிய வேண்டிய பையன்களுக்குக் கையே வரவில்லை, சேலை வீணாகிவிடும் என்று. “எறிங்கடா, துவைச்சுக்கிறேன்” என்று அக்கா கீழே இருந்து சத்தம் போட்டதும்தான் நாடகம் நகர்ந்தது. சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் நடத்திய பாத்திமா ஷேக்காக நடித்த பிள்ளைக்கு வசனம் குறைவு, கைதட்டல் அதிகம்.

என்னைக் கேட்டால், அன்றைய உச்சம் நாடகம் இல்லை. பூலே பள்ளியில் படித்த, தீண்டாமைக்கு ஆளான மாங் சாதியைச் சேர்ந்த 14 வயது முக்தா சால்வே 1855இல் எழுதிய கட்டுரையை ஒன்பதாம் வகுப்புப் பெண் வாசித்தாளே, அதுதான். வேதம் எங்களுக்கு இல்லையென்றால் எங்கள் மதம்தான் எது என்று கேட்கிற இடத்தில் வளவில் ஒரு சத்தம் இல்லை. அதைத் தமிழில் எழுதித் தந்த பேராசிரியருக்குத் தனி வணக்கம்.

அப்புறம், மைக்செட் தம்பி வாடகையில் பாதிதான் வாங்கினார். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் கார அரைப்போடு பரிமாறிய சமையல் மாஸ்டருக்கும் அவர் குழுவுக்கும் வயிறார நன்றி. சாப்பிட்ட இலையை அவரவரே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம்; சில பெரிய மனிதர்கள் மட்டும் மறந்துவிட்டார்கள். அவற்றையும் எடுத்துப் போட்ட இளைஞர்களே, வாழ்க.

வரவு செலவு நோட்டு நூலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மீதப் பணத்துக்குப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் வாங்குகிறோம். பெரிய எவர்சில்வர் வாளி ஒன்று ஆச்சி வீட்டிலேயே நின்றுவிட்டது. யாருடையது என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
விழாக் குழுவினர்