அவனை மடக்க ஒரு புத்தகம் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, “அக்கா, அவனை மடக்குற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க” என்று கேட்டாய். வெயிலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம் பக்கத்தில் இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பெயரும் அவன் பெயரும் இதில் இல்லை.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. காரைக்குடியில் உன் அறைத்தோழன் பள்ளத்தூர்ப் பையன். தாத்தா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இயேசு என்று ஒருவர் இருந்ததற்கு என்ன சாட்சி? பைபிளை எத்தனை பேர் திருத்தினார்கள்? கடவுள் நல்லவர் என்றால் குழந்தைகள் ஏன் சாகின்றன? உங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஏன் சாதி? உனக்குப் பதில் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

அவனை மடக்குவதற்கென்று புத்தகம் தேடாதே, தம்பி. நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். வாலிபர் கூட்டத்தில் இந்த வசனத்தை எத்தனையோ முறை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். ‘உத்தரவு சொல்ல’, அதாவது பதில் சொல்ல, என்பது மட்டும் நம் காதில் நின்றுவிட்டது. அவன் கேள்வி கேட்கிறான் என்றால் உன்னை ஒரு பொருட்டாக மதிக்கிறான் என்று அர்த்தம்.

ஆகவே நீ முதலில் படிக்க வேண்டியது நம் புத்தகம் அல்ல, அவன் புத்தகம். பகத்சிங் லாகூர்ச் சிறையில் 1930இல், 23 வயதில், தான் ஏன் நாத்திகன் என்று எழுதிய கட்டுரை. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. அதற்காகக் கைதும் ஆனார். நம் சிராவயலில் ஆசிரமம் நடத்திய அதே ஜீவாதான். 1927இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். அந்தக் கட்டுரையில் பகத்சிங் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: கடவுளை நம்பினால் தூக்குமேடைக்குப் போவது சுலபமாக இருக்கும், ஆறுதல் கிடைக்கும். தெரிந்தும் அந்த ஆறுதல் வேண்டாம் என்கிறார். எல்லாம் வல்லவர் ஏன் இவ்வளவு துன்பம் நிறைந்த உலகைப் படைத்தார் என்று கேட்கிறார். சாவுக்கு ஆறு மாதம் முன்பு ஒரு பையன் எழுதியது அது. படித்துவிட்டு ஒரு நாள் சும்மா இரு. உடனே பதில் தேடாதே.

நான் சொல்வது புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவத்தைக் கிழித்து ஒரு நூல் எழுதினார். சுமார் 70 ஆண்டு கழித்து, 248 வாக்கில், ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்குப் பதில் எழுதினார். எப்படி எழுதினார் தெரியுமா? செல்சஸின் வாக்கியங்களை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில். மரியாளுக்கு ஒரு போர்வீரன் மூலம் பிறந்த பிள்ளை இயேசு என்கிற அவதூறைக்கூட மறைக்கவில்லை, அப்படியே எழுதிவிட்டுத்தான் பதில் சொல்கிறார். செல்சஸின் நூல் பிறகு தொலைந்துபோனது. இன்று அதில் பெரும்பகுதியை நாம் படிக்க முடிகிறது என்றால், அவரை மறுத்த கிறிஸ்தவர் அவ்வளவு நேர்மையாக எடுத்தெழுதியதால்தான். ஓரிஜனின் பதில்கள் சில இன்று நமக்கு ஒத்துவராது. அந்த நேர்மையை மட்டும் கற்றுக்கொள். உன் நண்பனின் கேள்வியை அவனைவிட நன்றாக உன்னால் சொல்ல முடிய வேண்டும்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

பைபிளைத் திருத்திவிட்டார்கள் என்கிற பேச்சுக்கு எஃப். எஃப். புரூஸ் 1943இல் எழுதிய ‘தி நியூ டெஸ்டமென்ட் டாக்குமென்ட்ஸ்’ போதும். சின்னப் புத்தகம், ஆங்கிலமும் எளிது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று பிடிபடும். உ.வே.சா. ஒரே நூலின் பல ஏடுகளைச் சேகரித்து, பாடபேதங்களை, அதாவது ஏட்டுக்கு ஏடு மாறுகிற சொற்களை, ஒப்பிட்டு, மூலம் எதுவாக இருந்திருக்கும் என்று தீர்மானித்தாரே, அதே வேலைதான். ஏடு எத்தனை அதிகமோ அத்தனை பாடபேதம் இருக்கும், மூலத்தை நெருங்கும் வழியும் அத்தனை இருக்கும். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் உண்டு, முழு நூலும் துண்டுகளும் சேர்த்து.

ஆனால் ஒன்றை அவன் கேட்பதற்கு முன் நீயே சொல்லிவிடு. மாற்கு 16ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் யோவானின் பழைய பிரதிகளில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. முதன்முதலில் இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. இப்போது பயம் இல்லை. இவற்றை மறைத்து வைத்துவிட்டு அவன் எங்கோ படித்து வந்து கேட்கும்போது விழிப்பதுதான் ஆபத்து.

இயேசு வாழ்ந்தாரா என்ற கேள்விக்கு நம்மவர் யாரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். பார்ட் எர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் விசுவாசத்தை விட்டு வெளியேறியவர், கடவுள் இருக்கிறார் என்று சொல்லாதவர். அவர் 2012இல் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதி, இயேசு வாழ்ந்தவர்தான் என்று வாதாடுகிறார். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். அவரும் திபேரியு காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் இயேசுவைப் பற்றி எழுதியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற பத்தியை மட்டும் அப்படியே நீட்டாதே. அதில் பிற்காலக் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

உயிர்த்தெழுதலுக்கு என். டி. ரைட் 2003இல் எழுதியது பெரிய புத்தகம், தலையணை கனம். இப்போதே அதைத் தொடாதே. அதற்கு முன் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை ஒரே அமர்வில் படி. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே சொல்லிவிடுகிறார். தன் மதம் எந்த இடத்தில் இடியும் என்று எதிராளிக்குக் கைகாட்டி விடுகிறவரைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. லீ ஸ்ட்ரோபெலின் ‘தி கேஸ் ஃபார் கிரைஸ்ட்’ புத்தகத்தை உனக்குப் பலர் சிபாரிசு செய்வார்கள். வேகமாகப் படிக்கலாம். ஆனால் அதில் பேட்டி தரும் அறிஞர்கள் எல்லோரும் நம் பக்கத்தவர்கள். உன் நண்பன் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான்.

அப்புறம் அந்த மூன்றாவது கேள்வி, குழந்தைகள் ஏன் சாகின்றன என்பது. இதில்தான் நான் தவறினேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் மகன் காய்ச்சலில் இறந்துபோனான். ஆறு வயது. காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கு வந்தவர் ஒரு மதியம் என்னிடம் கேட்டார், “உங்க சாமி இருந்தா இது ஏன் டீச்சர்?” என்று. அப்போதுதான் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் எழுதிய ‘தி பிராப்ளம் ஆஃப் பெயின்’ நூலைப் படித்து முடித்திருந்தேன். சுதந்திரச் சித்தம், வலி என்பது கடவுள் நம்மை எழுப்புகிற குரல் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு, “சரி டீச்சர்” என்றார். டப்பாவை மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை அவர் என் முன்னால் எடுக்கவே இல்லை.

லூயிஸின் இன்னொரு புத்தகத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. 1960இல் அவர் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அந்த நாள்களில் நோட்டில் எழுதியதை மறு வருடம் புனைபெயரில் வெளியிட்டார். ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’ என்று பெயர். வேறு வழியே இல்லாமல் கடவுளிடம் ஓடினால் முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்கிறது என்று எழுதுகிறார். இருபது வருடம் முன்பு வலியைப் பற்றித் தெளிவாக விளக்கிய அதே மனிதர்தான். கடைசியில் அவர் விசுவாசத்தை விடவில்லை. ஆனால் பழைய விளக்கங்களை எடுத்து நீட்டவும் இல்லை. இரண்டு புத்தகத்தையும் படி. ஒன்றை மட்டும் படிக்காதே.

அதோடு பைபிளில் யோபு புத்தகம். எல்லாவற்றையும் இழந்து தவித்தவர் யோபு. அவருடைய மூன்று சிநேகிதர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு வாய் திறந்து கடவுளுக்காக வாதாட ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம் யார் மேல் வருகிறது என்று பார். தன்னை எதிர்த்துக் கத்திய யோபுவின் மேல் இல்லை. தனக்காக வக்கீல் வேலை பார்த்த எலிப்பாஸ் மேலும் அவன் இரண்டு சிநேகிதர் மேலும்தான். அந்த ஆசிரியையிடம் நான் எலிப்பாஸாக இருந்தேன்.

உன் நண்பன் வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாயா?

சாதிக் கேள்விக்கு எந்தப் புத்தகமும் கிடையாது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியவர்கள் நம்மவர்கள்தான். ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற வசனத்தை அவனிடம் நீட்டாதே, அது நம்மைக் குற்றம் சாட்டும் வசனம். ஆமாம், தப்பு என்று சொல். அதோடு நிறுத்து.

நம் மொழியிலேயே இந்த வாதம் நெடுநாளாக நடக்கிறது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி, பழிச்சொற்களுக்குப் பதிலாகத் ‘தூஷண திக்காரம்’ என்று தமிழ் உரைநடையிலேயே எழுதினார். எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் அவர். வேதாகமத்தை வரி வரியாக அறிந்தவர். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி மிஷனரிகளுக்குப் பதில் சொன்னார். நம்மை மறுத்தவர்களில் நம் வேதத்தை இவ்வளவு ஆழமாகப் படித்தவர் அபூர்வம். கடினமான நடை, ஆனாலும் முயன்று பார்.

கண்ணதாசனின் ‘இயேசு காவியம்’ உன் அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன். சிறுகூடல்பட்டிக்காரர், ஒரு காலத்தில் நாத்திகம் பேசியவர், பிறகு இந்து மதத்தைப் பற்றி எழுதியவர், இயேசுவையும் பாடினார். அதை வாதத்துக்கு எடுக்காதே. அவனுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றால் சும்மா கொடு.

லீவில் தேவகோட்டை வரும்போது ஓரியூருக்கும் ஒரு நாள் போய்வருவோம். நாம் கத்தோலிக்கர் இல்லைதான், ஆனாலும் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஜான் டி பிரிட்டோ என்கிற பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட செம்மண் அது. அவனும் வருவதாக இருந்தால் கூட்டி வா. அங்கே அவனிடம் எதுவும் விளக்க வேண்டாம்.

புரூஸும் லூயிஸின் இரண்டு புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன், பொறுத்துக்கொள். ஜீவாவின் மொழிபெயர்ப்பை மட்டும் கடையில் தேடாதே. அவன் தாத்தாவின் பிரதி வீட்டில் இருக்கிறதா என்று அவனிடமே கேட்டு இரவல் வாங்கு. நீ படித்த பிறகு எனக்கு ஒரு வாரம் கொடு. அட்டை கிழிந்திருந்தால் புது அட்டை போட்டுத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா