அந்தக் கட்டத்தை இனி நிரப்ப மாட்டேன்

மதுரையில் ஆளெடுக்கும் அழைப்பு மையங்களின் மனிதவள அதிகாரிகளுக்கும் குரல் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். நான் வெளியாள் இல்லை. பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் பதினொரு ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்தத் தாளில் ‘எம்.டி.ஐ.’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தாய்மொழித் தாக்கம் என்று பொருள். பேச்சில் ஊர் வாடை அடித்தால் அங்கே குறைக்க வேண்டும். நானும் கை கூசாமல் குறைத்திருக்கிறேன். ஆகவே இந்த மடலில் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல்தான்.

சென்ற மாதம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் அழைப்பு என்னிடம் வந்தது. காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்ட அமெரிக்கப் பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். அவள் குறுக்கே பேசவில்லை. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மெல்லப் புகுந்து, எந்தப் படிவம் விடுபட்டிருக்கிறது என்று சொன்னாள். ஒன்பதாவது நிமிடம் அவர் நன்றி சொல்லி வைத்தார். ஆனால் அவள் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்பதை ‘யெக்ஸ்பிளெய்ன்’ என்றாள். சொல்லுக்கு முதலில் எகரம் வந்தால் நம் நாக்கு ஒரு யகரத்தை முன்னே ஒட்டிக்கொள்ளும். ‘எல்லாம்’ என்று எழுதி ‘யெல்லாம்’ என்றுதானே பேசுகிறோம்? அந்தப் பெரியவர் ஒரு முறைகூட ‘என்ன சொன்னாய்’ என்று கேட்கவில்லை. மதிப்பெண் குறைந்தது, அந்த மாத ஊக்கத்தொகையும் போயிற்று.

அதே நாளில் இன்னொரு அழைப்பு. நாக்கைச் சுழற்றி அமெரிக்கர் மாதிரியே பேசும் பையன். அவன் சொன்ன ‘தேர்ட்டீன்’ வாடிக்கையாளர் காதில் ‘தேர்ட்டி’ என்று விழுந்தது. 13ஆம் தேதி கட்ட வேண்டிய பணத்தை 30ஆம் தேதி என்று குறித்துக்கொண்டு அவர் போனை வைத்துவிட்டார். உச்சரிப்புக் கட்டத்தில் அவனுக்கு முழு மதிப்பெண். போட்டவன் நான்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணைச் சொன்ன கையோடு ‘ஒன் த்ரீ’ என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே அளவில் சொல்லிக்கொண்டு போகிறோம். ஆங்கிலம் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்குகிறது. நாம் வேகமாகப் பேசினால் அவர்களுக்குச் சொல் பிரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த இடத்தில் அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வாரம் செலவிடுங்கள், தகும். யகரத்தை விரட்ட ஆறு வாரம் எதற்கு?

‘நியூட்ரல் அக்சென்ட்’ என்கிறீர்கள், எந்த ஊர் வாடையும் இல்லாத உச்சரிப்பாம். அதை எந்த ஊரில் பேசுகிறார்கள்? 1941இல் பி.பி.சி. வானொலி, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பேச்சு மாறாத வில்ஃபிரட் பிக்கிள்ஸைப் போர்க்காலச் செய்தி வாசிக்க வைத்தபோது, நேயர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இங்கிலாந்துக்காரரின் ஆங்கிலமே இங்கிலாந்தில் பொதுவாக இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வேலையில் ஆங்கிலம் பேசுபவர். எம்.டி.ஐ. மதிப்பெண் குறைவு என்றதும் அவர் கேட்டார்: “எந்தத் தாய்மொழி சார்?” என்னிடம் பதில் இல்லை.

தமிழ் அழைப்புகளில் நடப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மேலூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிடுகிறார். எங்கள் பையன் ‘அங்கிட்டு’, ‘வெள்ளன’ என்று பேசியதும் அவர் குரலில் இருந்த பயம் போய்விடுகிறது. முகவரியைத் தெளிவாகச் சொல்கிறார். அதற்கும் மதிப்பெண் குறைப்பு, ‘பொதுத் தமிழ் இல்லை’ என்ற குறிப்போடு. தொல்காப்பியம் சொற்களை நான்காகப் பிரித்தபோது திசைச்சொல்லுக்கும், அதாவது வட்டாரங்களிலிருந்து வரும் சொல்லுக்கும், ஓர் இடம் கொடுத்தது. நம் தாளில் அதற்குத் தண்டனைக் கட்டம் இருக்கிறது.

நான் கேட்பது ஒரு சின்ன மாற்றம். அந்தக் கட்டத்தின் தலைப்பை எடுத்துவிட்டு, ‘வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்பக் கேட்டார்’ என்று போடுங்கள். அதை நான் கடிகாரம் வைத்து எண்ணித் தருகிறேன். தலைப்பு மாறும்வரை என் மேசைக்கு வரும் தாள்களில் எம்.டி.ஐ. கட்டம் காலியாகவே திரும்பி வரும். காரணம் கேட்டு எனக்குக் குறிப்பாணை அனுப்புவீர்கள் என்று தெரியும். விளக்கக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இலந்தைக்குளத்திலிருந்து ஒரு தர மதிப்பீட்டாளர்