அந்தப் புத்தாண்டு இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்து வரலாற்றின் நினைவு நாட்களைத் தொகுத்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1314 ஜூனில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து வென்ற பானக்பர்ன் போர், 1320 ஏப்ரல் 6 ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை அறிவித்த அர்ப்ரோத் பிரகடனம், 1746 ஏப்ரல் 16 கிளர்ச்சிப் படை அரசுப் படையிடம் தோற்ற குலோடன் போர் எல்லாம் இருக்கின்றன. ஒரு சின்னத் திருத்தம்: குலோடனை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டை என்று எழுதியிருந்தீர்கள். எதிரே நின்ற அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஊர் திரும்பிய கடற்படை வீரர்களோடு ஒரு கப்பல் மூழ்கிய 1919 ஜனவரி 1 உங்கள் பட்டியலில் இல்லை.

முதல் உலகப் போர் ஓய்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலில் உள்ள லூயிஸ், ஹாரிஸ் தீவைச் சேர்ந்த கடற்படை வீரர்கள், ஊருக்குக் கப்பலேற, ஆண்டின் கடைசி நாளில் ஸ்காட்லாந்துப் பெருநிலக் கரையிலுள்ள கைல் ஆஃப் லோகால்ஷ் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். வழக்கமாகப் போகும் தபால் கப்பலில் இடம் போதவில்லை. அதனால் 'யோலரா' என்ற கப்பலைக் கடற்படை அனுப்பியது. அந்தத் தீவு மக்களின் கேலிக் மொழியில் அதற்குக் கழுகு என்று பொருள். ஏறியவர்கள் சுமார் 280 பேர். கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் 100 பேருக்குத்தான் இடம், மிதவை அங்கிகள் 80தான்.

ஊரில் கணப்பு மூட்டி, வருகிறவர்களுக்கு மாற்றுத்துணியைச் சூடுகாட்டி வைத்துக் காத்திருந்தார்கள். இரவு இரண்டு மணி வாக்கில், லூயிஸில் உள்ள ஸ்டோர்னவே துறைமுக வாசலை நெருங்கிய நேரத்தில், ஹோல்ம் முனைப் பாறைகளில் கப்பல் மோதியது. நான்காண்டு போரில் பிழைத்து வந்தவர்கள், சொந்த ஊர்க் கரைக்குச் சில கஜ தூரத்தில், கனத்த சீருடையும் பூட்ஸுமாக மூழ்கிப் போனார்கள். குறைந்தது 201 பேர். குழந்தைகளுக்கு வாங்கி வந்த பொம்மைகள் மறுநாள் கரையில் ஒதுங்கின.

கப்பலில் வந்த ஜான் எஃப். மெக்லியோட் என்ற படகு கட்டும் தொழிலாளி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த அலையில் கரைக்கு நீந்தினார். அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டுதான் சுமார் 40 பேர் கரை சேர்ந்தார்கள். டொனால்ட் மாரிசன் என்ற இன்னொருவர் விடியும்வரை கப்பலின் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்து தப்பினார்.

மூன்று வருடம் முன்பு பெருநிலக் கரையிலுள்ள உல்லாப்பூலிலிருந்து ஸ்டோர்னவேக்குக் கப்பலில் போனேன். துறைமுகம் நெருங்கும்போது வலப்பக்கம் கடலுக்குள் ஒரு தூண் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் காட்டி "அங்கேதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஹோல்ம் முனைக்கு நடந்தே போனேன். நினைவுத்தூணுக்கு அருகில் வெண்கலத்தில் ஒரு கயிற்றுச் சுருள் வைத்திருக்கிறார்கள், மெக்லியோடின் கயிற்றை நினைத்து. அங்கே நின்று பார்த்தால் பாறைகளுக்கும் கரைக்கும் இருக்கும் இடைவெளி மனதை அறுக்கிறது. ஒரு தெருவின் அகலம்தான்.

பிப்ரவரி 1919 விசாரணையில் ஜூரிகள், துறைமுகத்தை நெருங்கும்போது கப்பல் அதிகாரிகள் போதிய எச்சரிக்கை காட்டவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை என்றார்கள். அதிகாரிகளில் ஒருவர்கூட உயிரோடு இல்லாததால், கப்பல் ஏன் வழி தவறியது என்பது கடைசிவரை தெரியாமலே போனது. உடல்கள் எல்லாம் கிடைக்கும் முன்பே கடற்படை அந்தக் கப்பலை விற்பனைக்கு விளம்பரம் செய்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் ஒரு பெரிய மௌனம். தப்பியவர்கள் பெற்ற பிள்ளைகளிடம்கூட அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை. நினைவுத்தூண் எழும்பவே ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. குலோடனை ஊரே சொல்லிச் சொல்லி வளர்த்தது. இதைச் சொல்ல அந்தத் தீவில் யாருக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்தத் தேதி இத்தகைய பட்டியல்களில் விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நூற்றாண்டு வந்த 2019இல்தான் எனக்கே இது தெரிந்தது.

அடுத்த முறை அந்தப் பட்டியலை வெளியிடும்போது ஜனவரி 1க்கு நேரே யோலரா, ஸ்டோர்னவே, 201 பேர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடமிருந்தால் மெக்லியோடின் பெயரையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்