ஆம்புலன்ஸ் போக ஒரு தடம் விடுங்கள்

வடசென்னையில் கண்டெய்னர் லாரிப் போக்குவரத்தையும் சாலைகளையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன, எங்கிருந்து எதுவரை நிற்கின்றன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விளக்க நான் இதை எழுதவில்லை. அந்த வரிசைக்குள் எங்கள் அம்மா ஒரு மணி ஐம்பது நிமிடம் கிடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் எர்ணாவூரில் இருக்கிறோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 5.10க்கு அம்மா எனக்கு போன் செய்து, வரும்போது புளி வாங்கி வா என்றார். வேலை முடிந்து 6.40க்கு வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தம்ளர் உருண்டு கிடக்கிறது, புடவை முழுக்க காபி. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கி மடியில் வைத்தார், அது சரிந்து சரிந்து விழுந்தது. ஏதோ வேறு யாருடைய கையையோ எடுத்து வைப்பது போல.

உடனே 108க்கு போன் செய்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி 7.20க்குத் தெருமுனைக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த மருத்துவ உதவியாளர் என் தங்கை வயசுப் பெண். சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்றார். 7.30க்குக் கிளம்பினோம். போக வேண்டிய தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், இடது பக்கம் டிரெய்லர், வலது பக்கம் தடுப்புச் சுவர். சைரன் அலறிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி ஒரு லாரி நீளம் நகர்ந்தது. பொறுக்க முடியாமல் இறங்கி முன்னால் நின்ற லாரியின் கதவைத் தட்டினேன். "அண்ணே, உள்ளே எங்கம்மா இருக்காங்கண்ணே, கொஞ்சம் ஒதுக்குங்கண்ணே" என்றேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஒதுக்க மாட்டேன்னு சொல்லலம்மா. எங்க ஒதுக்குறது, நீயே காட்டு" என்றார். அவர் சொன்னது நிஜம். ஒரு சைக்கிள் போகக்கூட சந்து இல்லை. அப்புறம் அவரே இறங்கி வந்து, கையில் டார்ச்சோடு என்கூட நடந்து, ஒவ்வொரு லாரியாகத் தட்டி ஓரடி ஈரடி நகரச் சொன்னார். சாப்பாடு தண்ணீர் இல்லாமல், ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் அதே வரிசையில் காய்கிறவர் அவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

9.20க்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தோம். டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" 5.10 என்றேன், போனைக்கூடக் காட்டினேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது 9.50. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அதாவது 9.40. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நோயில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகின்றன என்று பிறகு படித்தேன். 110 நிமிடம் அந்த ரோட்டில் நின்றோம். எனக்குப் பெருக்கிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அம்மா பிழைத்துவிட்டார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கை கால் பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கே வருகிறார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வலது கை இன்னும் எழவில்லை. எதைக் கேட்டாலும் "அது, அது" என்ற ஒரு சொல்தான் வருகிறது. நாற்பது வருடம் மீன்கூடை சுமந்து, தெருத்தெருவாகக் கூவி விற்ற தொண்டை அது.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஆனால் ஒதுங்க இடமே இல்லாதவனிடம் போய் ஏன் ஒதுங்கவில்லை என்று எப்படிக் கேட்பது? அந்த இடத்தை உண்டாக்கித் தருவது லாரிக்காரர் வேலையா, உங்கள் வேலையா?

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தடுப்புச் சுவரை ஒட்டிய ஒரு தடத்தை, இரவும் பகலும், எவ்வளவு நெரிசல் வந்தாலும் காலியாக வைத்திருங்கள். அதற்காக, லாரிகளின் முறை வரும்வரை அவற்றை கண்டெய்னர் யார்டுகளிலேயே நிறுத்துங்கள். நடுத் தடுப்பில் ஆங்காங்கே திறக்கிற மாதிரி வழி வையுங்கள், முன்னால் அடைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் ஏறிப் போகட்டும். அங்கே ராத்திரியிலும் ஆள் இருக்கட்டும்.

இந்த ஊர் எதைத்தான் சுமக்கவில்லை? அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையம், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூரில் நகரத்தின் குப்பை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சு முட்டிய ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆபத்து எல்லாவற்றையும் எங்கள் வாசலில் வைப்பீர்கள், ஆபத்து வந்தால் வெளியே போக ஒரு வழி வைக்க மாட்டீர்களா? சரக்கு ஒரு நாள் தாமதமானால் கணக்குக் கேட்க ஆள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு மனிதர்களின் தாமதத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் தெருவிலேயே இதய நோயாளிகள் மூன்று பேர், மாசமாக இருக்கும் பெண் ஒருத்தி. மாலை ஆனால் நாங்கள் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய் ரோட்டில் லாரி விளக்குகள் எதுவரை நிற்கின்றன என்று பார்க்கிறோம். வரிசை நீளமாக இருந்தால், அந்தப் பெண்ணை ராயபுரத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாமா என்று பேசிக்கொள்கிறோம். அவளுக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குள் அந்த ஒரு தடத்தைத் திறந்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எர்ணாவூரிலிருந்து ஒரு மகள்