கவசத் தகடும் கிளிநொச்சி வெல்டிங் கடையும்

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். இந்த முறை மழை நேரத்துக்கு வந்துவிட்டது. இரணைமடுவில் தண்ணி ஏறிக்கொண்டிருக்கு, காலபோக வயல்கள் பச்சை பிடித்துவிட்டன. மற்றப் புதினங்களை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கேட்ட விஷயத்துக்கே இந்தத் தாள் போதாது.

வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து, கண்ணிவெடி அகற்றுகிற பெக்கோக்களுக்கும் லோடர்களுக்கும் கவசக் கூடு இங்கேயே செய்யலாமா, அல்லது பெட்டியில் வருவதைப் பூட்டுகிற வேலையாகவே முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. முழு வண்டியையும் இங்கே செய்வோம் என்று கேட்கிறவன் கடைசியில் ஆணி பூட்டுகிறான். வெல்டிங் ஒட்டுமுறை, சோதனை, வரைபடத்தை மாற்றுகிற உரிமை, இந்த மூன்றையும் கேட்கிறவனிடம்தான் தொழில் தங்கும்.

நீ இருக்கிற ஒன்டாரியோ லண்டனையே பார். அங்கே ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த ஜெனரல் மோட்டர்ஸின் டீசல் பிரிவு, 1970களின் கடைசியில் சுவிஸ் நாட்டு மோவாக் கம்பனியின் ஆறு சக்கரக் கவச வண்டியான பிரான்யாவை உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கியது. கனேடியப் படைக்கு 491 வண்டிகள்: 195 கூகர், 269 கிரிஸ்லி, 27 ஹஸ்கி. 1982இல் அமெரிக்க மரைன் படை அதன் எட்டுச் சக்கர வகைக்கு அங்கேயே ஓடர் கொடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் கனடாவின் லாவ் 3 கவச வண்டி, பிறகு அமெரிக்கத் தரைப்படையின் ஸ்ட்ரைக்கர். என் கணக்கில், தடித்த இரும்பை ஒட்டிப் பழகிய கைகள் அந்தத் தொழிற்சாலையில் முன்னமே இருந்தன. எஞ்சினும் 275 குதிரைவலு டெட்ராய்ட் டீசல், அந்தக் கண்டத்து மெக்கானிக்குகளுக்குப் பழகிய சாமான். உரிமத்தோடு வெளியிலிருந்து வந்தது வடிவம் மட்டும்தான்.

ஆவடியில் நடந்ததையும் நினைத்துப் பார். பிரிட்டிஷ் கம்பனி விக்கர்ஸோடு சேர்ந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதோடு லேலண்ட் எல்60 எஞ்சினும் வந்தது. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியை வாட்டிய அதே எஞ்சின். தாய்க் கம்பனியின் பிழையும் உரிமத்தோடு சேர்ந்தே கப்பலேறும். இந்தியாவின் மேடக் தொழிற்சாலை சோவியத் பிஎம்பி 2 கவச வண்டியை 'சரத்' என்ற பெயரில் செய்தது. 1987இல் முதலில் வந்தவை அங்கேயிருந்து பிரித்து அனுப்பிய பாகங்களைப் பூட்டியவை. படிப்படியாக உள்ளூர்ப் பங்கு கூடியது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உதிரிப்பாகத்துக்கு இந்தியா பட்ட பாடு தெரிந்ததே. துருக்கியின் அல்தாய் டாங்கிக்கு ஜெர்மன் எஞ்சின் கிடைக்காமல் போய்த் தென்கொரியாவிடம் போகவேண்டி வந்தது. கூட்டாளி ஒருவன்தான் என்று நினைப்போம். எஞ்சின், கியர்ப்பெட்டி, கண்ணாடி ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இன்னொரு நாட்டின் ஏற்றுமதி அனுமதி இருக்கும். அந்த அனுமதி யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டு எழுதவேணும்.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கு. இலங்கை இராணுவம் கண்ணிவெடி தாங்குகிற தென்னாபிரிக்க வண்டி பஃபெலைப் பார்த்து யூனிகோர்ன், பிறகு யூனிபஃபெல் என்று உள்நாட்டிலேயே கட்டியது. அந்த வண்டிகளை வன்னிச் சனம் எங்கிருந்து பார்த்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்தத் தொழில் இங்கே வந்தால் வெடி அகற்றுகிற வேலைக்கு வரட்டும் என்று நிற்கிறேன். 2017 டிசம்பரில் ஆள் எதிர்ப்புக் கண்ணிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் நிலம் முழுவதும் துப்புரவாக வேணும். முகமாலை மணலில் பெக்கோ ஓட்டுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

முதல் வேலை, எந்த வெடியைத் தாங்கவேணும் என்று எழுதுவது. கவச வண்டிப் பாதுகாப்புக்கான நேட்டோவின் 4569 தரத்தில் சில்லுக்குக் கீழே 6 கிலோ வெடிமருந்து என்றால் 2ஏ நிலை, 8 கிலோ 3ஏ, 10 கிலோ 4ஏ. அது டாங்கி எதிர்ப்புக் கண்ணியின் கணக்கு. அதற்கு வி வடிவ அடிப்பாகம், உயர்ந்த தரை இடைவெளி, தரையில் முட்டாமல் தொங்குகிற இருக்கை எல்லாம் வேணும். ஆள் எதிர்ப்பு மிதிவெடியில் வெடிமருந்து பெரும்பாலும் கால் கிலோவைத் தாண்டாது. பெக்கோவின் வாளி கூட்டிலிருந்து சில மீற்றர் தள்ளி நிற்பதால் அங்கே சிதறலும் வெடி அழுத்தமும்தான் பிரச்சினை. இரண்டையும் குழப்பினால் வண்டி தேவையில்லாமல் கனக்கும், அல்லது ஆள் போவான். டாங்கி எதிர்ப்புக் கண்ணி இருக்கலாம் என்ற நிலத்துக்கு இந்தக் கூட்டை அனுப்பக்கூடாது என்றும் அதே தாளிலேயே எழுதவேணும்.

அடுத்தது பாரம். 8 மில்லித் தகடு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 63 கிலோ. ஒரு கூட்டுக்கு 12 சதுர மீற்றர் என்றால் 750 கிலோ, கண்ணாடி இல்லாமல். கவசக் கண்ணாடி சதுர மீற்றருக்கு 100 கிலோவைத் தாண்டும். கதவு ஒன்றே ஆளின் நிறைக்கு மேலே போகும். வீட்டுக் கதவுக்குப் போடுகிற பிணைச்சல் இரண்டு மாதத்தில் தொங்கிவிடும், பேரிங் வைத்த பிணைச்சல் வேணும். வண்டி சரிந்தால் அந்தக் கதவை உள்ளே இருப்பவனால் மேலே தள்ளித் திறக்க முடியாது. ஆகவே இரண்டாவது வழி ஒன்று கூரையிலோ பின்பக்கத்திலோ கட்டாயம் இருக்கவேணும். இன்னொன்று: பெக்கோ கவிழ்ந்தால் காக்கிற அசல் சட்டத்தில் துளை போடவும் கூடாது, ஒட்டவும் கூடாது. செய்தால் அந்தச் சட்டத்தின் சான்றிதழ் செத்துவிடும். கவசத்தைத் தனிச் சட்டத்தில் தூக்கி, இறப்பர்த் தாங்கியில் இருத்து. யன்னல் திறக்காது, சித்திரை வெயிலில் உள்ளே ஆள் இருக்கமாட்டான், ஆகவே ஏசி கட்டாயம். போலந்துக்காரர் பின்லாந்தின் கவச வண்டியை ரோசோமாக் என்று செய்து, ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பும்போது மேல்கவசம் ஏற்றினார்கள். தண்ணியில் மிதக்கிற திறன் போய்விட்டது. பாரம் எங்காவது ஓரிடத்தில் விலை கேட்கும்.

இனி ஒட்டுவேலை. இதில்தான் நம்மவர்கள் தோற்பார்கள் என்று பயப்படுகிறேன், இதில்தான் வெல்லவும் முடியும். சுவீடனின் ஆர்மொக்ஸ் 500 போன்ற கவசத் தகட்டின் கடினம் பிரினல் அளவில் 480 முதல் 540 வரை. கரி கூடிய, சூடாக்கித் தணித்துப் பதப்படுத்திய இரும்பு. 200 பாகைக்கு மேல் சூடேறினால் பதம் குறையத் தொடங்கும். பெயின்ற் அடித்த பிறகு பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த இடத்தின் கடினம் குறைந்துவிடும். காஸ் வைத்து வெட்டினால் விளிம்பு மெதுவாகும். தண்ணிக்குள் வைத்து பிளாஸ்மாவால் வெட்டுவது நல்லது, தண்ணித் தாரையால் வெட்டுவது அதைவிட நல்லது. வளைக்கும்போது தகட்டோடு வருகிற தாளில் உள்ள ஆரைக்குக் குறையக்கூடாது. விளிம்பைக் கிரைண்டரால் வழித்த பிறகுதான் பிரஸ்ஸில் வைக்கவேணும், இல்லாவிட்டால் வெட்டுக் காயத்திலிருந்தே கீறல் ஓடும்.

நம் கடைகளில் கேற்றும் கிறிலும் ஒட்டுவது 6013 குச்சியால். அதை இந்தத் தகட்டில் வைத்தால் ஒட்டு அழகாகத்தான் வரும், அடுத்த நாள் வெடித்து நிற்கும். குச்சியின் ஈரத்திலிருந்து ஐதரசன் ஒட்டுக்குள் போய், கடினமான விளிம்பில் கூடி, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கீறும். ஐதரசன் குறைந்த குச்சியான 7018 என்றால் 350 பாகையில் ஒரு மணித்தியாலமாவது சுட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்து நாலு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேணும். மார்கழி மழையில் திறந்த பக்கற்றிலிருந்து நேரே எடுப்பதற்கு இங்கே இடமில்லை. என் விருப்பம் 307 வகைக் கறையில் உருக்குக் குச்சி. அது ஐதரசனைத் தன்னுள்ளே பிடித்துவைக்கும், இழுபட்டாலும் கீறாது. விலை கூட. ஒட்டு தகட்டைவிட மெதுவானது என்பதால், மூட்டு நேரே வெளியைப் பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி, அல்லது பின்னால் பட்டி வைத்து வரையவேணும்.

தகட்டின் ஈரத்தை முதலில் சூடுகாட்டிப் போக்கு. தடிப்பைப் பார்த்து 100 முதல் 150 பாகை வரை முன்சூடு, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 200ஐத் தாண்டாதே. கையால் தொட்டு மதிப்பிடுவதை விட்டு, குறித்த சூட்டில் உருகிக் காட்டுகிற வெப்பச் சுண்ணக்கட்டி வாங்கிக் கொடுக்கவேணும். மாலையில் கரண்ட் இறங்குகிற வரிசையில் இருக்கிற கடை என்றால் ஒட்டு ஆழம் போகாது, தனி ஜெனரேற்றர் வேணும். நடுவிலிருந்து வெளிப்பக்கம், இருபக்கமும் மாறி மாறி ஒட்டினால் கூடு முறுகாது. முடிந்த உடனே சோதிக்காதே, 48 மணித்தியாலம் விடு. 307ஆல் ஒட்டினதில் காந்தத் தூள் போட்டுப் பார்ப்பவனை நம்பாதே. அந்த ஒட்டு காந்தம் பிடிக்காது, விளிம்பு முழுக்கப் பொய்க்கீறல் காட்டும். கீறலுக்குள் ஊறிக் காட்டுகிற சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும்தான் சரி.

கண்ணாடியை இங்கே செய்ய நினைக்கவேண்டாம். அடுக்குகளுக்கு இடையில் வெயிலும் ஈரமும் புகுந்து ஓரம் வெளுத்துப் பிரியும். அதை வாங்கவேணும், மாற்றுகிற தவணையையும் விலையையும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் கட்டவேணும்.

அறிவியல்நகரில் ஜெர்மன் பயிற்சி நிலையமும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் ஒரே இடத்தில் இருக்கு. ஒட்டுகிற பிள்ளைகளும் கடினம் அளக்கத் தெரிந்த பிள்ளைகளும் ஒருவரையொருவர் நடந்தே பார்க்கலாம். கூட்டாளிக் கம்பனியிடம் முதல் வருடம் வண்டி கேட்காதே. 300 மில்லிச் சதுரத்தில் 8 மில்லித் தகடு அறுபது துண்டு, எழுதிய ஒட்டுமுறைத் தாள், தேறியவனையும் தேறாதவனையும் பெயர் போட்டுச் சான்று கொடுக்கிற பரிசோதகர் ஒருவர், இவ்வளவும் கேள். தேறியவன் கையெழுத்து ஒவ்வொரு ஒட்டிலும் இருக்கட்டும். தகட்டில் அடித்த வார்ப்பு இலக்கத்தை வெட்டின ஒவ்வொரு துண்டிலும் மறுபடி அடிக்கவேணும். அது அழிந்தால் எந்தத் துண்டு கவசம், எது கூரைத்தகடு என்று யாராலும் சொல்ல முடியாது.

அங்கே வெல்டிங் பரிசோதனைக்குப் பயன்படுத்துகிற படிவம் ஒன்று கிடைத்தால் அனுப்பு, தமிழில் மாற்றிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். வெப்பச் சுண்ணக்கட்டி 100, 150, 200 பாகையில் மூன்று பெட்டி, வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்