ஐந்து மணிக்கே பொழுது சாயும் தீவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதிலைக் காணோம் என்று இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பாய். ஊரில் இல்லையடா. டிசம்பர் கடைசியில் ஐந்து நாள், நானும் இவளும் அந்தமான் போயிருந்தோம். கல்லூரி முடித்த கையோடு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போவதாக நாம் திட்டம் போட்டு, மூன்று நாள் யார் வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பது என்று நீ கழன்றுகொண்டாயே, அதே அந்தமான்தான். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், ஒரு தூக்கம் கூடச் சரியாக வரவில்லை.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாயிற்று. எங்களை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரருக்கு இன்னும் அது போர்ட் பிளேர்தான். பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்தில் வந்தவர்களாம். அங்கே தமிழர்கள் ஏராளம், கடைக்குக் கடை நம் பேச்சு கேட்கிறது. செல்லுலார் சிறையையும் பார்த்தோம். சிறகு மாதிரி நீண்ட ஏழு கட்டடங்களில் இப்போது மிச்சம் மூன்றுதான். அதைப் பற்றி எழுத வரவில்லை, நேரில் பேசுவோம்.

நான் சொல்ல வந்தது நீல் தீவைப் பற்றி. அதற்கும் 2018இல் ஷாகீத் தீவு என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்கூட்டர் எடுத்தால் இருபது நிமிடத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. ஊர்ப் பெயர்களைக் கேள்: ராம்நகர், லட்சுமண்பூர், பரத்பூர், சீதாபூர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து 1960களில் குடியேறியவர்களின் வாரிசுகள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். வழியெல்லாம் பாக்குத் தோப்பு, வாழை, நடுவில் கத்தரி, வெண்டை, நெல். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. போர்ட் பிளேருக்கே காய்கறி இங்கிருந்து போகிறது என்றால் பார்த்துக்கொள்.

லட்சுமண்பூர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, டீ குடித்து, ஐந்தே முக்காலுக்கு ஆடி அசைந்து போய் நின்றால், இருட்டு! கடையைக் கட்டிக்கொண்டிருந்த இளநீர்க்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து மணி தாண்டினால் பொழுது சாய்ந்துவிடுகிறது அங்கே. நம் கடிகாரம் அலகாபாத் பக்கம் ஓடும் தீர்க்கரேகையை வைத்துத்தானே ஓடுகிறது, அந்தமானோ அதற்குப் பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே கிடக்கிறது, அதாவது நாற்பது நிமிட வித்தியாசம். இத்தனை வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இவள் திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லியே சிரித்தாள்.

மறுநாள் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டேன். அன்று காலை ஏழரைக்கு வற்றம், கடல் உள்வாங்கும் நேரம், அதற்குள் வந்துவிடுங்கள் என்று வழிகாட்டிப் பையன் சொல்லியிருந்தான். வற்றத்தில் மட்டும்தான் அங்கே இருக்கிற இயற்கைப் பாலத்துக்கு நடந்து போகமுடியும். கடல் குடைந்து குடைந்து பாறையில் ஒரு வளைவு, அவ்வளவுதான், ஆனால் அந்த வங்காளிகள் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சிரிப்பு வந்தாலும் மனதுக்குள் என்னவோ செய்தது. என்னைக் கேட்டால் பாலத்தைவிட அதற்குப் போகிற வழிதான் விசேஷம். கடல் விட்டுப்போன குழிகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்க, உள்ளே கடல் அட்டை, நண்டு, நீலக் கோடு போட்ட மீன்குஞ்சுகள், வாயைத் திறந்து மூடும் சிப்பி. வழுக்குகிறது, செருப்பு நல்லதாக இல்லாவிட்டால் அங்கே போகாதே. இவள் ஒரு பவளத் துண்டைக் கையில் எடுத்தாள், பையன் பதறிப்போய்த் திரும்பி வைக்கச் சொன்னான். அங்கிருந்து பவளத்தை எடுத்து வரக்கூடாது, விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பிடுங்கிக்கொள்வார்களாம். எட்டரை மணிக்கெல்லாம் தண்ணீர் ஏற ஆரம்பித்து, நாங்கள் நின்ற இடம் முழங்கால் ஆழமாகிவிட்டது.

கடைசி நாள் ராஸ் தீவு. வெள்ளைக்காரன் அங்கேயிருந்துதான் அந்தமானை ஆண்டான்: தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், நடனக்கூடம், டென்னிஸ் மைதானம் எல்லாம் உண்டு. 1941இல் பூகம்பம், அடுத்த வருடம் ஜப்பான்காரன். இப்போது அத்தனையும் மரங்கள் கையில். ஒரு சுவரில் பாதிச் செங்கல் உதிர்ந்தே போய்விட்டது, மரத்தின் வேர்தான் சுவர் மாதிரி நிற்கிறது, ஜன்னல் இருந்த இடத்தைக் கூட விட்டுவைத்து வளர்ந்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியாக ஒரு புள்ளிமான் எங்களை எட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், படகுக்காரர் விசில் அடித்துக் கூப்பிடும் வரை.

அப்புறம், உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்றா? அம்மாவுக்கு இங்கே கண்புரை எடுத்தாயிற்று, செய்தித்தாளை வரி விடாமல் படித்து எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள். உனக்கு முட்டி சரியானதும் சொல். கப்பல் இன்னும் சென்னையிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன்.

உன்
ரவி