ஆகஸ்டு 1-க்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டுச் சிலர் வந்தீர்கள், கொடுத்துவிட்டோம். கேட்பவருக்கு மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. இன்னும் சிலர் "பார்க்கலாம் சார்" என்று இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும், பிள்ளையின் பெயரை எங்களிடம் விட்டுவிட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கும்தான் முக்கியமாக இந்தக் கடிதம். வாசிக்க இயலாத பெற்றோருக்குப் பிள்ளைகளே உரக்கப் படித்துக்காட்ட வேண்டும், தங்களைப் பற்றிய பகுதியைத் தாண்டிவிடாமல்.

முதலில் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் தலைக்கணக்கில்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. 31 முதல் 100 மாணவர் வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய். 100-ஐத் தாண்டினால், 250 வரை 50,000. நாம் நூறைச் சற்றுத் தாண்டி நிற்கிறோம். நான்கைந்து குடும்பம் குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பிள்ளைகளை மாற்றிவிட்டால் மானியம் பாதியாகிவிடும். செலவு பாதியாகுமா? சாக்பீஸ் வேண்டுமானால் கொஞ்சம் மிஞ்சும். ஆய்வகத்துக் கூரை ஒழுகுவது பிள்ளைகளை எண்ணிப் பார்த்து ஒழுகுவதில்லை. குந்தாப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த ஈரத்தில் கதவு உப்பும், ஸ்விட்சு துருப்பிடிக்கும், வரைபடம் பூஞ்சை பிடிக்கும். சமவெளிப் பள்ளிக்கும் மலைப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைத்தது சரியில்லை என்பது என் கருத்து. கூட்டங்களில் சொல்லியும் வருகிறேன். ஆனால் அளவுகோல் மாறும்வரை அதில்தான் நம்மை அளப்பார்கள்.

அடுத்தது ஆசிரியர்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி நிலவரப்படி உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கும். ஆசிரியர் எங்கே கூடுதலோ அங்கே உபரி என்பார்கள், எங்கே குறைவோ அங்கே அவர்களை மாற்றுவார்கள், அதுதான் பணிநிரவல். நம் அளவுள்ள பள்ளியில் பாடத்துக்கு ஒரே ஆசிரியர். அவர் மாறுதலில் போனால், அடுத்தவர் மலையேறி வரும்வரை அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. இன்னொருவரைக் கேட்டு வாங்க எண்ணிக்கை வேண்டும். "அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியாரே இல்லை" என்று சொல்லிப் பிள்ளையை மாற்றுகிறீர்கள். அப்படி மாற்றுவதால் எண்ணிக்கை குறைந்து, இருக்கிற பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியரைக் கேட்கிற வாய்ப்பும் போகிறது. மாற்றுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, யாருக்கும் தன் பிள்ளைதான் பெரிது. இருந்தாலும் பெண் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிற புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இப்படிப் படித்தவர்களுக்குத்தான்.

இனி வருகை. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சேர்க்கையைப் பார்ப்பதில்லை, தினசரி சராசரி வருகையைக் கணக்கிட்டே பள்ளிக்கு நிதி தருகிறார்கள். அங்கே ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் பள்ளிக்கு நட்டம். நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லை. என்றாலும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸ் செயலியில் தினமும் வருகை ஏறுகிறது. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயர் எங்கள் பட்டியலிலிருந்து, எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அத்துடன் எண்ணிக்கையிலும் ஒன்று குறையும். சத்துணவும் அன்றன்று வந்த பிள்ளைகளின் கணக்குத்தான். வராத பிள்ளைக்கு முட்டை கிடையாது.

கேரட் அறுவடைக்குப் போகிற பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையில் லாரி சேர வேண்டும் என்பதால் நடுராத்திரியிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது பாடவேளையில் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து தூங்குகிற பையனை எழுப்பினால், நகக்கண்ணில் செம்மண் அப்படியே இருக்கிறது. அவன் வந்ததே பெரிது என்று ஆசிரியர் விட்டுவிடுகிறார். மறுநாள் அவன் வருவதில்லை. கூலி உடனே கைக்கு வருகிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அப்படி வருவதில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பள்ளி நாளுக்கு முந்தின இரவு அனுப்பாதீர்கள். தேயிலைக் கொழுந்து அதிகமாக வருகிற வாரங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்ணை வீட்டில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். சின்னக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது.

வருகையைப் பற்றி இன்னொன்று. எண்ணிக்கை குறைகிறதே என்பதற்காக வராத பிள்ளைக்கு வருகை போடச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம். போட மாட்டேன். பட்டியலில் மட்டும் இருக்கும் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் பாடம் நடத்த முடியாது.

மாற்றுச் சான்றிதழ் வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே முடிவு செய்து சொல்லுங்கள். பிள்ளை வராத நாளில் காலை மணி அடிப்பதற்குள் வகுப்பாசிரியருக்குத் தகவல் தாருங்கள். சிக்னல் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சீட்டுப் போதும். காட்டெருமை வழியில் நின்றது, பஸ் வரவில்லை என்பவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான், தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவோம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சென்ற ஆண்டு மானியத்தின் வரவு செலவை ரசீதுகளுடன் மேசைமேல் வைக்கிறேன். குழுவில் இல்லாதவர்களும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.